முதல் கப்பல் மாதிரி: புதிய கிட்களில் எதிலிருந்து தொடங்குவது?

ரோஸ் ஹில் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். நம் மொரீசியசில் மரக் கப்பல் மாதிரி இல்லாத வரவேற்பறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதைத் தன் கையால் கட்டியவர் யார் என்று கேட்டால், பட்டறையில் வேலை பார்த்தவர்களைத் தவிர வேறு எவரும் நினைவுக்கு வருவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்திருக்கும் நேரத்தை இந்த வேலையில் செலவிட விரும்புகிறேன். உறுதியான மேசையும் நல்ல விளக்கும் சிறு வாள், அரம், உளி ஆகியவையும் என்னிடம் இருக்கின்றன. அலமாரி செய்யும் அளவுக்கு மரவேலையும் தெரியும்.

என் மனம் விக்டரி என்ற பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பலின்மேல் நிற்கிறது. பாகங்களைப் பெட்டியில் தந்து நம்மையே கட்டவிடும் கிட்களில், ஆர்த்தெசானியா லத்தினா நிறுவனத்தின் 1:84 அளவு (உண்மைக் கப்பலில் 84-இல் ஒரு பங்கு) கிட், கால்டர்கிராஃப்ட் நிறுவனத்தின் 1:72 அளவுக் கிட் ஆகிய இரண்டில் எதை வாங்கலாம் என்பதே என் முதல் கேள்வி. லேசரால் வெட்டிய பாகங்களுடன் அண்மை ஆண்டுகளில் வரும் புதிய கிட்கள் பழையவற்றைவிட மேலானவை என்றும் கேள்விப்படுகிறேன். அனுபவமுள்ளவர்கள் அதைப் பற்றியும் சொன்னால் நன்று. நம் ஈரக் காற்றில் ஐரோப்பிய மரம் தாக்குப்பிடிக்குமா, இந்தத் தீவின் வரலாற்றோடு தொடர்புடைய கப்பல் ஏதாவது கிட்டாகக் கிடைக்கிறதா என்பவையும் என் ஐயங்கள்.

கியூர்ப்பிப் கைவினைஞர்

ஐயா, வணக்கம். இரண்டு விக்டரியில் எது என்ற கேள்விக்கு என் விடை, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதுதான். உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டறையில் இருந்தவன் என்ற முறையில், அந்தக் கப்பல் ஒரு மனிதரிடம் எதைக் கேட்கும் என்று தெரிந்து சொல்கிறேன்.

நம் தீவில் இத்தொழில் 1960-களின் இறுதியில், சுதந்திரம் வந்த காலத்தை ஒட்டித் தொடங்கியது. கியூர்ப்பிப், ஃபுளோரியல் பக்கம் பெருகிய பட்டறைகளில் ஒருவர் ஒரு கப்பலை முழுதாகக் கட்டுவது வழக்கமன்று. உடற்பகுதியைக் கட்டுபவர் அதை மட்டுமே கட்டுவார். பாய்மரம் கடைபவர் வேறொருவர். கயிறு கட்டுவதும் பாய் தைப்பதும் பெரும்பாலும் பெண்களின் மேசைக்குப் போகும். கயிற்று மேசையில் இருந்த ஓர் அம்மாள் பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமலேயே ஏணிக் கயிற்றின் முடிச்சுகளை ஒரே இடைவெளியில் போட்டுக்கொண்டு போவார். அவரிடம் ஒரு பலகையைக் கொடுத்து வளைக்கச் சொன்னால் சிரித்துவிடுவார். பல கைகளில் பிரிந்து கிடக்கும் இத்தனை திறமைகளையும் ஒருவரே கற்றுக்கொண்டுதான் கிட் கட்ட வேண்டும்.

விக்டரி டிரஃபால்கர் போருக்குப் போனபோது அதில் 104 பீரங்கிகள் இருந்தன. அதன் கயிறுகளின் மொத்த நீளம் 26 மைல் என்று சொல்வார்கள். கிட்டில் அவ்வளவும் வராது என்றாலும், பீரங்கி வண்டி ஒன்றைச் செய்யக் கற்ற பிறகு அதையே மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது மாறாது. முதல் கப்பலிலேயே இதில் இறங்கியவர்களில் பலர் கீழ்த்தளப் பீரங்கிகளோடு பெட்டியை மூடி அலமாரியின் மேல் வைத்துவிடுகிறார்கள். பீரங்கியே இல்லாத, உடற்பகுதி எளிதில் கைக்கு அடங்குகிற ஒரு படகிலிருந்து தொடங்குங்கள்.

கத்ர் போர்ன் பொறியாளர்

கைவினைஞர் அண்ணா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். புதிய கிட்களைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

பழைய கிட் என்றால் அச்சிட்ட ஒட்டுப்பலகை, ஒரு கட்டு மரக்கீற்று, வார்ப்பு உலோகப் பாகங்கள், நான்கு மொழிகளில் குறைவாக எழுதிய ஒரு விளக்கத்தாள் என்று இருக்கும். கட்டுபவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் எழுதிய விளக்கம் அது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் வான்கார்ட் மாடல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ் வாட்டன், முன்பு கால்டர்கிராஃப்டுக்கும் அமாட்டிக்கும் கிட் வடிவமைத்தவர். தம் சொந்த நிறுவனத்தின் கிட்களில் பேரிக்காய் மரத்தையும், அமிலத்தால் அரித்தெடுத்த நுண்ணிய பித்தளைத் தகடுகளையும், முப்பரிமாண அச்சில் எடுத்த பிசின் பாகங்களையும் அவர் பயன்படுத்துகிறார். அவருடைய பட்டியலில் பெரிய போர்க்கப்பல்கள் மட்டுமல்லாமல், ஃபைஃபி, ஜூலு என்ற ஸ்காட்லாந்து மீன்பிடிப் படகுகளும் 1:64 அளவில் உண்டு. பீரங்கி இல்லை, கயிறு குறைவு, உடற்பகுதியோ அழகானது. பெரிய கப்பலைக் கட்டுமுன் கையைப் பழக்க இவை போதும்.

அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் இன்னொரு வழியை எடுத்திருக்கிறது. டேவிட் ஆன்ட்ஷெர்ல் வடிவமைத்த மூன்று கிட்களை அவர்கள் ஒரு வரிசையாகவே தருகிறார்கள்: டோரி என்னும் தட்டையடி மீன்பிடிப் படகு 1:24 அளவில், நார்வே நாட்டுச் சிறு பாய்ப்படகு 1:12 அளவில், சிங்கி இறால் பிடிக்கும் ஒற்றைப் பாய்மரக்கலம் 1:24 அளவில். முதல் படகில் கற்றது இரண்டாவதற்கும், இரண்டாவதில் கற்றது மூன்றாவதற்கும் தேவைப்படும்படி அமைத்திருக்கிறார். ஒரு நல்ல ஆசிரியரின் பாடத்திட்டம் என்றே இதைச் சொல்வேன்.

பார்சிலோனாவின் ஓக்ரே நிறுவனம் கட்டுமானத்தைப் படிப்படியாகக் காணொளியில் காட்டுகிறது. மரத்தின் தரத்தில் வான்கார்டுக்கு ஈடாகாது. ஆனால் தனியாக உட்கார்ந்து கற்பவருக்குக் காணொளி பெரும் துணை.

ரோஸ் ஹில் வாசகர்

இருவருக்கும் நன்றி. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: டோரிப் படகைப் படத்தில் பார்த்தேன், மனம் இழுக்கவில்லை. மூன்று பாய்மரம் வைத்த கப்பலைக் கனவு கண்டவனுக்கு ஒரு துடுப்புப் படகைக் காட்டுவது ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. அலமாரி செய்தவனுக்குப் பலகை ஒட்டுவது அவ்வளவு கடினமா என்றும் தோன்றுகிறது. கடினம் எங்கே இருக்கிறது என்று விளக்க முடியுமா?

கியூர்ப்பிப் கைவினைஞர்

நியாயமான கேள்வி, ஐயா. அலமாரியில் பலகை முழுநீளமும் ஒரே அகலத்தில் போகும், கப்பலில் போகாது. கடினமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கப்பலின் நடுவயிற்றில் மேல்விளிம்பிலிருந்து கீல் (கப்பலின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகுச் சட்டம்) வரை உள்ள தூரத்தை ஒரு தாள் கீற்றால் அளந்து பாருங்கள். அதையே முன்முனைக்கு அருகில் அளந்தால் மிகவும் குறைவாக இருக்கும். பின்முனையின் அடியில் சில கப்பல்களில் நடுவைவிடக் கூடுதலாகக்கூட வரும். பலகைகளின் எண்ணிக்கை எங்கும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு பலகையும் முன்னே ஒடுங்கியும், தேவையான இடத்தில் பின்னே விரிந்தும் ஆக வேண்டும். பழகாதவர்கள் கிட்டில் வந்த கீற்றை அப்படியே மேலிருந்து ஒட்டிக்கொண்டு வருவார்கள். நான்கைந்து வரிசை அழகாகப் போகும். அதற்குப் பிறகு முன்முனையில் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பார்க்கும், அல்லது விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் முக்கோண இடைவெளிகள் விழும். அவற்றை ஆப்பு வைத்து அடைப்பார்கள். வண்ணம் பூசினால் மறைந்துவிடும், மரத்தை மரமாகக் காட்ட நினைத்தால் மறையாது.

முறை இதுதான். முதலில் குறுக்குச் சட்டங்களின் விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து, ஒரு மெல்லிய கீற்றை முன்னிருந்து பின்வரை வைத்துப் பார்த்தால் அது எல்லாச் சட்டங்களையும் முழு அகலத்திலும் தொட வேண்டும். ஒரு சட்டத்தில் ஓரம் மட்டும் தொட்டால் அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். தொடாமல் தாண்டினால் அங்கே மெல்லிய கீற்று ஒட்டி உயர்த்த வேண்டும். இதற்கு எடுக்கும் நேரத்தைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். பட்டறையில் புதிதாக வந்தவனுக்கு இதைத் தவிர வேறு வேலை கொடுக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு சட்டத்திலும் தாள் கீற்றால் தூரத்தை எடுத்து, அதைப் பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளைப் பார்த்து ஒவ்வொரு பலகையையும் ஒட்டுவதற்கு முன்பே ஒடுக்குங்கள். எந்த இடத்திலும் பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்க வேண்டாம். அதற்கும் குறைய வேண்டிய நிலை வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி முடிக்க வேண்டும். கீலை ஒட்டிய முதல் பலகை முன்னே வெகுதூரம் ஏறக் கூடாது. அது ஏறினால் மேலே வரும் எல்லாப் பலகைகளும் அதன் தவற்றைச் சுமக்கும்.

உங்களுக்குப் பிடிக்காத அந்த டோரியில் இதையெல்லாம் சில பலகைகளிலேயே கற்கலாம். கெட்டுப்போனால் ஒரு கீற்று மட்டும் போகும்.

சாந்தான்ட்ரே, ரெயூனியன்

அண்டைத் தீவிலிருந்து வணக்கம். கைவினைஞர் ஐயாவின் விளக்கத்தை அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

வளைப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மரக்கீற்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. மரத்தை வளைய வைப்பது தண்ணீரைவிட வெப்பம்தான். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் மீண்டும் இறுகுகிறது. சிறிது நேரம் நனைத்து, ஒரு சிறிய பயணத் துணிதேய்ப்பியையோ முடி நேராக்கும் கருவியையோ வைத்து வளைத்தால் போதும். ஊறிய மரம் உப்பியிருக்கும்போது அதை அளந்து ஒட்டிவிட்டால், காய்ந்த பிறகு பலகைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழும். மரம் நார்வாட்டத்தில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. குறுக்குவாட்டத்தில்தான் சுருங்கி விரிகிறது. ஈரக் காற்றைப் பற்றிக் கேட்டவருக்கும் இதுவே விடை: பெட்டி வந்தவுடன் கட்டத் தொடங்காமல், மரத்தைப் பிரித்து நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே சில வாரங்கள் வையுங்கள்.

அளவுகளைப் பற்றியும் சிறு குறிப்பு. 1:48, 1:72 என்ற எண்கள் விசித்திரமாகத் தோன்றலாம். ஓர் ஆங்கில அடியைக் கால் அங்குலமாகக் குறைத்தால் 1:48. பதினாறில் மூன்று பங்கு அங்குலமாகக் குறைத்தால் 1:64. பழைய பிரெஞ்சு அடியில் 144 கோடுகள் உண்டு. ஓர் அடிக்கு மூன்று கோடு என்றால் 1:48, இரண்டு கோடு என்றால் 1:72. ழான் பூத்ரியோ போன்றோரின் கப்பல் ஆய்வுநூல்களை வெளியிடும் பிரான்சின் ஆன்க்ர் பதிப்பகத்தின் வரைபடங்களிலும் இந்த அளவுகளே மிகுதி. கிட்டைத் தாண்டி வரைபடத்திலிருந்தே கட்டும் ஆசை பின்னால் வந்தால் அந்நூல்கள் உதவும்.

கியூர்ப்பிப் கைவினைஞர்

வெப்பத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரியே. தேக்கு, கற்பூர மரம் ஆகியவற்றில் வேலை செய்த எங்களுக்குக் கொஞ்சம் நனைப்பு கூடுதலாகத் தேவைப்பட்டது; பேரிக்காய் மரத்துக்குத் தேவையில்லை. கியூர்ப்பிப் கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதி தூறலோடு இருக்கும் ஊர்; இங்கே கட்டிய மாதிரியைப் போர்ட் லூயிசில் வெயில்படும் அறையில் வைத்தால் முதலில் தளர்வதும் இறுகுவதும் கயிறுதான். ஆகவே பருத்தி நூலைவிடப் பாலியெஸ்டர் நூலையே பரிந்துரைப்பேன். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் கருமையாகவும், பாயை இயக்கும் இழுவைக்கயிறுகள் வெளிர்நிறமாகவும் இருக்கட்டும்.

மாபூர்க் கடலோரம்

நம் வரலாற்றுக் கப்பல்களைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது, எனவே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது செயின்ட் ஜெரான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக லொரியானில் கட்டப்பட்ட இக்கப்பல், ஆளுநர் லபூர்தொனே தருவித்த சர்க்கரை ஆலை இயந்திரங்களுடன் வரும்போது, 1744 ஆகஸ்டில் அம்பர் தீவுக்கு அருகே பவளப்பாறையில் மோதி உடைந்தது. அதன் மணி எங்கள் மாபூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைகளில் அந்தப் பெயரைத் தாங்கிய ஆயத்த மாதிரிகள் கிடைக்கும். பெரிய கிட் நிறுவனம் எதன் பட்டியலிலும் நான் அதைப் பார்த்ததில்லை. கடையில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: அடிப்பகுதி செம்புத்தகடு வேய்ந்திருந்தால் அது காலத்துக்குப் பொருந்தாது. போர்க்கப்பல்களுக்குப் பெருமளவில் செம்பு வேய்வதை ஆங்கிலேயக் கடற்படையே 1779-ஐ ஒட்டித்தான் தொடங்கியது. 1744-இன் கப்பலுக்கு வெண்மையான பூச்சே பொருத்தம்.

அடுத்தது 1810 ஆகஸ்டில் நடந்த கிராண்ட் போர்ட் போர். சிரியஸ், மஜிசியன், இஃபிஜீனியா, நெரெய்ட் என்ற நான்கு ஆங்கிலேய ஃபிரிகேட்டுகளும் (விரைவான நடுத்தரப் போர்க்கப்பல்கள்) இந்தக் குடாவில் இழக்கப்பட்டன. இவற்றில் நெரெய்டைக் கட்டியவர்களே பிரெஞ்சுக்காரர்கள். 1797-இல் ஆங்கிலேயர் கையில் சிக்கிய கப்பல் இங்கே மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. இந்த நான்கில் ஒன்றை அதன் பெயரிலேயே கிட்டாக வாங்க முடியாது என்றே நினைக்கிறேன். காலமும் பருமனும் ஒத்த ஃபிரிகேட் வேண்டுமானால் கால்டர்கிராஃப்டின் 1794-ஆம் ஆண்டு டயானா 1:64 அளவில் இருக்கிறது. புதியவருக்கு உரியதன்று.

இவற்றைவிட உங்களுக்கு உகந்தது ஒன்று உண்டு: பீகிள். சார்ல்ஸ் டார்வினைச் சுமந்து உலகைச் சுற்றிய அந்தக் கப்பல் 1836 ஏப்ரல் 29 முதல் மே 9 வரை போர்ட் லூயிசில் நின்றது. டார்வின் இங்கே யானைமேல் சென்றதுகூடப் பதிவாகியிருக்கிறது. யாருடைய யானை என்று கேட்காதீர்கள், அளவைத்துறைத் தலைவருடையது. ஓக்ரே நிறுவனம் பீகிளை 1:60 அளவில் தருகிறது. உண்மைக் கப்பல் ஏறத்தாழ 27.5 மீட்டர் நீளமுடையதாகையால் மாதிரியின் உடற்பகுதி 46 சென்டிமீட்டர் அளவில்தான் வரும். மூன்று பாய்மரமும் உண்டு. ரோஸ் ஹில் ஐயாவின் கனவும் கெடாது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 1834 நவம்பர் 2-ஆம் நாள் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்த அட்லஸ், அதற்குப் பின் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் முன்னோரைக் கொண்டுவந்த எண்ணற்ற வணிகக் கப்பல்கள், இவற்றில் ஒன்றுகூட எந்தப் பட்டியலிலும் இல்லை. கிட் உலகம் பீரங்கியின் பின்னால்தான் ஓடுகிறது.

கத்ர் போர்ன் பொறியாளர்

மாபூர் அண்ணா, உங்கள் மனக்குறைக்கு ஓரளவு வழி இருக்கிறது. கேப்டன் ஜேம்ஸ் குக் பயணம் செய்த எண்டெவர் போர்க்கப்பலாகப் பிறந்ததன்று. விட்பி துறைமுகத்தில் 1764-இல் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டிய வணிகக் கப்பல். அகன்ற வயிறும் மழுங்கிய முன்முனையும் கொண்ட அந்த வடிவம் பல பத்தாண்டுகள் ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் தொடர்ந்தது. ஒரு விட்பி உடற்பகுதியை அடிப்படையாக வைத்து, மேற்கட்டமைப்பையும் பாய்களையும் 1830-களுக்கு மாற்றினால் ஒரு பொதுவான தொழிலாளர் கப்பல் கிடைக்கும். குறிப்பிட்ட கப்பலின் பெயரை எழுதாமல் இருப்பதே நேர்மை.

வாங்குவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பிறருடைய வரைபடங்களைக் களவாகப் படியெடுத்துப் பாதி விலைக்கு விற்கும் பெட்டிகள் இணையச் சந்தைகளில் நிறைய உலவுகின்றன. எனக்கு வந்த அத்தகைய ஒன்றில் குறுக்குச் சட்டங்களுக்கான ஒட்டுப்பலகைத் தாள் ஒன்றே இல்லை. விற்றவர் பதிலும் எழுதவில்லை. உரிமையுள்ள நிறுவனத்திடமோ அதன் முகவரிடமோ வாங்கினால், உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகமாவது கிடைக்கும்.

மோக்கா ஆவணக் காப்பாளர்

இதுவரை கட்டுவதைப் பற்றிப் பேசினீர்கள். கட்டிய பிறகு அது எத்தனை காலம் இருக்கும் என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். பழைய பொருள்களைப் பாதுகாக்கும் துறையில் இருப்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

நம் பட்டறைகளில் பாய்த்துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழுப்பேற்றும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்; சுற்றுலாப் பயணிகளும் அதை ஆவலாகப் பார்ப்பார்கள். நிறம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேயிலையின் டானின் அமிலத்தன்மை உடையது. பருத்தி இழைகளைக் காலப்போக்கில் நொறுங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. விற்பனைப் பொருளுக்கு இது பெரிய கவலையன்று. உங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று கட்டுபவர்கள், நிறம் மங்காத துணிச்சாயத்தையோ, மிகவும் நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தையோ பயன்படுத்துவது மேல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஈயம். பழைய கிட்களில் பீரங்கி, நங்கூரம், சிற்பம் முதலியவை ஈயம் கலந்த வார்ப்பாக வருவதுண்டு. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்துவைத்தால், பெட்டியின் மரமும் ஒட்டுப்பலகையும் பசையும் விடும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தாக்கி, வெண்மையான தூளாக மாற்றிவிடும். ஈயக் கார்பனேட் என்ற அந்தத் தூள் நஞ்சு. வாயால் ஊதக்கூடாது, கையால் துடைக்கக்கூடாது. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இந்த அரிப்பு விரைவாக நடக்கும். ஓக் மரத்தில் பெட்டி செய்வது இந்த வகையில் மிக மோசமான தேர்வு. எந்த மரமானாலும் அடித்தளத்தில் இரண்டு மூன்று துளைகள் விட்டு, உட்புறம் மெல்லிய வலை ஒட்டிவிடுங்கள். காற்று போகும், பூச்சி வராது. புதிய கிட்களின் பித்தளையும் பிசின் பாகங்களும் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. அவற்றில் இந்தக் கவலை இல்லை.

கறையான் ஊர் நம்முடையது என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால், கீழே விழும் தூளையாவது நேரத்தில் பார்க்கலாம்.

கியூர்ப்பிப் கைவினைஞர்

தேயிலைச் சாயத்தைப் பற்றி மோக்கா அம்மா சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. எங்கள் கையால் தோய்த்த பாய்கள் பல வீடுகளில் இன்றும் முழுதாக நிற்கின்றன. வெயில் நேரே படும் சன்னலோரத்தில் வைத்தவைதான் கிழிந்தன. வெளிச்சத்தைத் தேயிலையைவிடப் பெரிய எதிரியாகவே நான் எண்ணுகிறேன்.

மோக்கா ஆவணக் காப்பாளர்

வெளிச்சமும் எதிரியே, மறுக்கவில்லை ஐயா. அமிலம் ஏறிய துணியில் அந்த எதிரிக்கு வேலை எளிதாகிறது என்பதே என் வாதம். பாய் இல்லாமல் கயிறுகளோடு மட்டும் விட்டுவிட்டால் நம் இருவருக்கும் சண்டையே இல்லை!

ரோஸ் ஹில் வாசகர்

எல்லோருடைய பதிவுகளையும் ஊன்றிப் படித்தேன். விக்டரியை ஒத்திவைத்துவிட்டேன். அந்த மூன்று படகு வரிசையை வரவழைக்கிறேன். அது கைக்கு அடங்கிய பிறகு பீகிள். இடையில் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. 1:24, 1:60 என்று மாறும்போது பலகையின் அகலம், ஆணித்தலை ஆகியவை உண்மைக்கு ஒத்திருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? பீகிளை விளக்கத்தாளில் உள்ளபடியே கட்டலாமா, மாற்ற வேண்டுமா?

சாந்தான்ட்ரே, ரெயூனியன்

ஒரு மனித உருவைத் தாளில் வெட்டி மேல்தளத்தில் நிறுத்திப் பாருங்கள், ஐயா. 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் 1:24-இல் 7 சென்டிமீட்டர் நிற்பான், 1:60-இல் 2.8 சென்டிமீட்டர்தான். கைப்பிடிச்சுவர் அவன் தலைக்கு மேலே போனாலோ, படிக்கட்டில் அவன் கால் ஏறாது போனாலோ உடனே தெரிந்துவிடும்.

பலகைக்குக் கணக்கே போதும். மேல்தளப் பலகைகள் உண்மையில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 1:60-இல் அது 4 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அதற்கு மேலான அகலத்தில் கீற்று வந்திருந்தால் நீளவாக்கில் கிழித்து மெலிதாக்கிக்கொள்ளலாம். மர ஆணி 4 சென்டிமீட்டர் விட்டம் என்றால் மாதிரியில் 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவு. பலர் கரும்புள்ளிகளாகக் குத்திவைக்கும் ஆணிகள் இதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆணியைக் காட்டாமலே விடுவதுதான் அந்த அளவில் உண்மைக்கு நெருக்கம்.

மாபூர்க் கடலோரம்

பீகிளில் கவனிக்க இன்னொன்று: 1820-இல் நீரில் இறக்கியபோது அது இரண்டு பாய்மரக் கலம். 1825-இல்தான் பின்பாய்மரம் சேர்த்தார்கள். டார்வின் வந்த கப்பலைக் கட்டுவதானால் மூன்று பாய்மரமும் செம்பு வேய்ந்த அடியும் சரி. பிற்காலத்தவர் வரைந்த ஓவியங்களை நம்பி விவரங்களைச் சேர்க்க வேண்டாம்.

கியூர்ப்பிப் கைவினைஞர்

படகுக் கிட் வந்ததும், ஐயா, பசை தொடுமுன் சட்டங்களை வெறுமனே கீலில் செருகி, மேலிருந்தும் முன்னிருந்தும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். ஏதாவது சட்டம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தில் தெரியும். அப்போது திருத்துவது எளிது. பசைக்கு மஞ்சள் மரப்பசை வாங்குங்கள். சூப்பர் குளூ கயிற்று முடிச்சுக்கு மட்டும் போதும். பலகையில் பட்டால் கறை இறங்கி, பிறகு எண்ணெய் அந்த இடத்தில் ஏறாது. வார இறுதியில் கியூர்ப்பிப் பக்கம் வந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பட்டறைக் காலத்துப் பலகை இடுக்கிகள் சில என்னிடம் மிச்சம் இருக்கின்றன, உங்களுக்குத் தருகிறேன்.